கரையும் கலமும்: சிறு மோட்டர்ப் படகுகளின் உடலமைப்பு வரலாறு

மலைகள் சூழ்ந்த வத்தேகமவில் இருந்துகொண்டு கடற்படகுகளைப் பற்றி எழுதப் புகுதல் சிலர்க்குப் பொருந்தாச் செயலாகத் தோன்றலாம். ஆயின் இந்நாட்டில் மலையும் கடலும் ஒன்றையொன்று அறியாதன அல்ல. நம் ஊருக்கு அணித்தாக ஓடும் மகாவலி, 1976 இல் நிறைவுற்ற பொல்கொல்ல அணையைக் கடந்து, 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தில் தங்கி, முடிவிற் கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. தோட்டத்து மக்களின் மூதாதையருட் பலர் பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து, மன்னார்ப் பக்கத்துக் கரைகளில் இறங்கி, அங்கிருந்து கால்நடையாகவே இம்மலைகளை அடைந்தனர். நம் சந்தையில் விற்கப்படும் கருவாடும் ஏதோவொரு கரையில் ஏதோவொரு படகிலிருந்து இறக்கப்பட்டதே. ஆதலின் அப்படகு எத்தகையது, அதன் வடிவம் எவ்வாறு மாறியது, அம்மாற்றத்தால் நன்மை பெற்றவர் யாவர், இடருற்றவர் யாவர் என்னும் வினாக்கள் நமக்கும் உரியனவே.

படகின் உடல் என்று இங்கே நாம் குறிப்பது, பாய், துடுப்பு, இயந்திரம் முதலியவற்றை நீக்கியபின் எஞ்சி நிற்கும் மிதக்கும் ஓட்டையே. அதன் முன்புறத்தை அணியம் என்றும், பின்புறத்தைக் கடையார் என்றும், அடியில் நெடுகச் சென்று முதுகெலும்பு போல் அதனைத் தாங்கும் மரத்தை ஏரா என்றும் கடற்றொழிலாளர் வழங்குவர். எவ்வகை உடல் சிறந்தது என்று கேட்பார்க்கு ஒரே விடை கூறுதல் இயலாது. எந்தக் கரையிலிருந்து புறப்படுவதற்கு, எவ்வளவு சுமையை ஏற்றுவதற்கு, எந்த எரிபொருளை எரிப்பதற்கு என்னும் மூன்றையும் அறிந்த பின்னரே விடை கூறலாம். கடந்த எழுபது ஆண்டுகளின் வரலாறு இவ்வுண்மையையே திரும்பத் திரும்பக் காட்டுகின்றது. அவ்வுண்மை மறக்கப்பட்ட போதெல்லாம் நட்டமடைந்தவர் படகை வரைந்தவர் அல்லர். அதிலேறிக் கடலுக்குச் சென்றவரே.

முதலிற் பொதுவான அறிவியல் உண்மையொன்றை விளங்கிக்கொள்ளல் வேண்டும். படகு இரண்டு வகையாக நீரிற் செல்லலாம். நீரை இருமருங்கும் விலக்கிக்கொண்டு அதனூடே செல்லுதல் ஒன்று; போதிய வேகம் பெற்றபின் நீரின்மேல் எழுந்து வழுக்கிச் செல்லுதல் மற்றொன்று. விலக்கிச் செல்லும் உடல் தான் எழுப்பும் அலையாலேயே கட்டுண்ணும். அதற்குரிய வேகவெல்லையை ஓர் எளிய கணக்காற் காணலாம். நீர்மட்டத்தில் உடலின் நீளத்தை அடிகளில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆற் பெருக்கினால் மணிக்கு இத்தனை கடல்மைல் என்னும் எல்லை கிடைக்கும். 25 அடி நீளத்துக்கு அது ஏறக்குறைய 6.7, 16 அடி நீளத்துக்கு 5.4. அவ்வெல்லையைக் கடக்க முயலும்போது இயந்திரத்தின் வலுவை இரட்டித்தாலும் பெறும் வேகம் சிறிதே. எரிபொருளோ மிகுதியாகச் செலவாகும். மிகவும் ஒடுங்கி நீண்ட உடலுக்கு மட்டும் இக்கட்டுப்பாடு அத்துணைக் கடுமையாக இல்லை.

இத்துறைக்கு அடிகோலியவர் இங்கிலாந்தினரான வில்லியம் புரூட் என்னும் பொறியியலாளர். 1867 இல் அவர் ‘அன்னம்’, ‘காக்கை’ என்னும் பொருள்படும் பெயர்களையுடைய இரு மாதிரிக் கலங்களை நீரில் இழுத்துச் சோதித்தார். ஒன்று மழுங்கிய முகமுடையது. மற்றையது கூரிய முகமுடையது. குறைந்த வேகத்தில் ஒன்றும், மிகுந்த வேகத்தில் மற்றொன்றும் எளிதாகச் சென்றன. எல்லா வேகத்துக்கும் ஏற்ற ஒரே வடிவம் இல்லையென்பது அதனாற் புலனாயிற்று. 1872 இல் ராமஸ் என்னும் பாதிரியார், நீர்மேல் எழுந்து செல்லும் கப்பலொன்றைக் கட்டலாமெனப் பிரித்தானியக் கடற்படையினருக்கு எடுத்துரைத்தார். புரூட் அதனையும் ஆராய்ந்து, அதற்கு வேண்டிய வலுவை அக்கால நீராவி இயந்திரம் தரமாட்டாது என்று காட்டினார். வடிவம் தோன்றிவிட்டது, அதற்குரிய இயந்திரம் பிறக்கவில்லை. 1909 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஒலே எவின்றூட் என்பார் கடையாரில் மாட்டக்கூடிய வெளியிணைப்பு இயந்திரத்தை உருவாக்கிய பின்னரே எளிய மக்களின் சிறு படகுக்கும் அவ்வாய்ப்பு உண்டாயிற்று.

இனி நம் கரைகளின் பழைய கலங்களை நோக்குவோம். அவற்றுள் மிக எளியது கட்டுமரம். அதற்கு உடலென்பதே இல்லை; மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவையே அது. அலை மேலேறினால் இடைவெளிகளால் வடிந்துவிடும். ஆதலின் அது நீர் நிறைந்து மூழ்குவதில்லை. அலைமோதும் மணற்கரையிலும் அதனைத் தள்ளிவிடலாம்; கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து உலர்த்தலாம். ஆயின் அதிலே செல்வோர் எந்நேரமும் நனைந்திருத்தல் வேண்டும். பனிக்கட்டியோ மிகுந்த மீனோ ஏற்ற இடமில்லை. இக்கலத்தின் தமிழ்ப் பெயரை 1697 இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் தம்பியர் எழுதிவைத்தார். மேலை நாட்டார் பிற்காலத்தில் அதே பெயரை இரட்டையுடல் கொண்ட படகுக்குச் சூட்டினர். நம் கட்டுமரத்துக்கும் அவ்விரட்டைப் படகுக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை சிறிதே.

தென்னிலங்கைச் சிங்கள மீனவரின் ‘ஓரு’ வேறொரு வழியைக் கைக்கொண்டது. ஆழ்ந்தும் ஒடுங்கியும் நீண்டும் இருக்கும் அதன் உடல் தனித்து நின்றாற் கவிழும். ஆதலின் ஒரு பக்கத்தில் நீண்ட கழிகளின் நுனியில் மிதவை மரமொன்றைப் பிணைத்தனர். மேலே கூறிய அலைக்கட்டினின்றும் அவ்வொடுங்கிய உடல் பெரிதும் விடுபட்டது. பாய் விரித்தால் அது வியக்கத்தக்க வேகத்தில் விரையும். மிதவை எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே இருத்தல் வேண்டுமாகையால், திசை திரும்பும்போது படகைத் திருப்பாது பாயை மறுமுனைக்கு மாற்றுவர், அணியமே கடையாராகும். தப்பிரபேனின் மரக்கலங்கள் இருமுனையிலும் அணியம் உடையன என்று கி.பி. முதலாம் நூற்றாண்டில் றோமர் பிளினி எழுதியதை இங்கு நினைவுகூரலாம். இத்தகைய கலத்துக்கு இயந்திரம் பூட்டுங்கால் ஒரு முனை நிலையாகக் கடையாராகிவிடுகின்றது. பழைய வடிவத்தின் பொருள் பாதி போய்விடுகின்றது. ஒடுங்கிய உடலின் நன்மை மட்டும் எஞ்சுகின்றது. சிறிய இயந்திரமே அதற்குப் போதுமாதல் அந்நன்மையின் பயன். சுமை ஏற்ற இடமின்மையும், குடைவதற்கேற்ற பெருமரங்கள் அருகியமையும் அதன் குறைகள்.

வடக்கின் ஆழங்குறைந்த களப்புகளிற் பலகை வள்ளங்கள் வழங்கின. சோழமண்டலக் கரையிலோ, துறைமுகம் கட்டப்படுமுன் சென்னைக்கு வந்த பயணிகளை ‘மசூலா’ என்னும் படகு கரை சேர்த்தது. அதன் பலகைகள் ஆணியால் அறையப்படாமற் கயிற்றாலே தைக்கப்பட்டிருந்தன. பேரலை மோதும்போது அவ்வுடல் நெகிழ்ந்துகொடுத்தது, உடையவில்லை. இவ்வாறு ஒவ்வொரு கரையும் தன் படகைத் தானே வரைந்துகொண்டது எனலாம். ஓடாவி தன் கரையின் அலையை அறிந்தவன். படகோட்டி குறைகூறினால் அடுத்த படகில் அதனைத் திருத்துபவன்.

சுதந்திரத்தின் பின் மீன்பிடித் தொழிலை இயந்திரமயமாக்கும் முயற்சி தொடங்கிற்று. உலகளவிலும் அஃது அவ்வெண்ணம் பரவிய காலமே. ஐக்கிய நாடுகள் உணவு விவசாயத் தாபனம் 1953 இல் மீன்பிடிப் படகுகள் பற்றிய மாநாட்டைக் கூட்டி, 1955 இல் அதன் ஆய்வுகளைப் பெருநூலாக வெளியிட்டது. கேரளத்தில் இந்திய–நோர்வேத் திட்டம் 1953 இல் ஆரம்பமாயிற்று. இலங்கையிற் பழைய கலங்களுக்கே இயந்திரம் பூட்டுவதா, புதிய கலத்தையே கட்டுவதா என்னும் வினா எழுந்தது. 1950களின் பிற்பகுதியிற் புதிய கலமே முதன்மை பெற்றது. 28 அடி நீளமுள்ள மூன்றரைத் தொன் படகு அதுவே. உள்ளிணைப்பு டீசல் இயந்திரம் கொண்ட அப்படகுகள் தவணைமுறையில் மீனவர்க்கு வழங்கப்பட்டன.

மூன்றரைத் தொன் படகின் உடல் விலக்கிச் செல்லும் வகையைச் சேர்ந்தது. வளைந்த அடியும் ஏராவும் உடைய அவ்வகை உடல் அலையோடு மெல்ல எழுந்து மெல்லத் தாழும், அறைபடுவதில்லை. வலையையும் பனிக்கட்டியையும் மீனையும் சுமந்து, கரை மறையும் தொலைவுக்குச் சென்று, இரவு முழுவதும் தங்கி மீளலாம். டீசல் இயந்திரம் தான் செய்யும் வேலைக்குக் குறைந்த எரிபொருளையே எரிக்கும். செயற்கை நூலாலான வலைகளும் ஏறக்குறைய அக்காலத்திலேயே பரவியமையால் அப்படகின் உழைப்பு இருமடங்கு பயனளித்தது. அதனை உடையவர் செல்வராயினர் என்பது மிகையன்று.

ஆயின் அதன் குறையும் அதன் உடலிலேயே இருந்தது. ஏராவும், அதன் பின்னே நீருள் நிற்கும் விசிறியும் ஆழமான நீரை வேண்டுவன. அப்படகைக் கட்டுமரம் போல் மணலில் இழுத்தேற்ற முடியாது. ஆகவே துறைமுகமோ, களப்பு வாயிலோ, மறைவான குடாவோ உள்ள ஊர்களிலேயே அது நிலைபெற்றது. திறந்த கரையில் வாழ்ந்தவர் அதனைப் பெற்றாலும் பருவக்காற்று வீசும் மாதங்களில் அதனை வேறிடத்தில் நிறுத்தவேண்டியவராயினர். ஊரின் கரையில் எல்லோரும் கூடிப் படகை இழுத்த வாழ்க்கை ஒருபுறமும், துறைமுகத்தில் உரிமையாளரும் கூலியாளருமாகப் பிரிந்த வாழ்க்கை மற்றொருபுறமும் ஆயின. படகின் அடியிலிருந்த ஏரா சமூகத்தின் நடுவேயும் ஒரு கோடு கீறிற்று.

இக்குறையை நீக்கும் விடையாகப் பின்னர் வந்ததே கண்ணாடியிழைப் படகு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மேனாடுகளில் தோன்றிய இப்பொருள் 1960களில் நம் நாட்டுப் படகுக் கட்டடத்திலும் இடம்பெறத் தொடங்கிற்று. 1956 இல் நோர்வே சென்று மீன்பிடித் தொழில் பயின்ற அந்தோனி இராசேந்திரம் என்னும் யாழ்ப்பாணத்தவர் அந்நாட்டு நண்பரின் துணையோடு தொடங்கிய முயற்சி, 1967 இற் காரைநகரிற் ‘சீநோர்’ என்னும் நிறுவனமாக வளர்ந்தது. காரைநகரிற் படகுத்துறையும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அமைந்தன. தமிழ்ப் பகுதியின் தொழில் வரலாற்றில் அம்முயற்சி தனிச் சிறப்புடையது.

கண்ணாடியிழைப் படகுகளுட் பெரிதும் பரவியவை ஏறக்குறைய 18 முதல் 23 அடி வரை நீளமுள்ளவை. கடையார் செங்குத்தாக வெட்டப்பட்டது போன்றிருக்கும். அதிலே வெளியிணைப்பு இயந்திரம் மாட்டப்படும். அணியத்தில் நீரைப் பிளக்கும் கூர்மையும், கடையார்ப் பக்கத்தில் ஏறக்குறையத் தட்டையான அடியும் இருக்கும். அவ்வடியே படகை நீர்மேல் எழச்செய்வது. கரை நெருங்கியதும் இயந்திரத்தை மடித்துயர்த்திவிடலாம். சிலர் கூடி மணலில் இழுத்தேற்றலாம். மரத்தைத் துளைக்கும் கடற்புழு இதனைத் தீண்டாது. ஓட்டை விழுந்தால் ஊரிலேயே ஒட்டலாம். விடியுமுன் சென்று காலைச் சந்தைக்கு மீள்வதற்கு இதற்கு நிகரான கலம் இல்லை. துறைமுகமற்ற கரையினர்க்குக் கடலை மீட்டுக் கொடுத்தது இதுவெனின் தகும்.

ஆயினும் இதன் குறைகளையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். தட்டையடி அலையில் அறைபடும். நாள்தோறும் அவ்வதிர்ச்சியைத் தாங்குவது செல்வோரின் முதுகே. எழுந்து வழுக்குவதற்கு உடல் இலேசாக இருத்தல் வேண்டும். வலை நிறைய மீன் கிடைத்த நாளிலோ படகு கனத்து எழமாட்டாது, மெல்ல ஊர்ந்தே கரை சேரும். வேகம் குறைந்த வேளையில் அகன்ற கடையார் நீரைப் பின்னிழுத்துக்கொண்டே செல்லும். ஆகையால் வலு குறைந்த இயந்திரத்தோடு இவ்வுடலைச் செலுத்துவோர் இருவகைத் தீமையையும் ஒருங்கே பெறுவர்: வழுக்கும் வகையின் வேகமுமில்லை, விலக்கும் வகையின் சிக்கனமுமில்லை. போர்க்காலத்தில் வடக்குக் கிழக்குக் கடல்களில் இயந்திரங்களின் குதிரைவலு கட்டுப்படுத்தப்பட்டபோது அங்குள்ள தொழிலாளர் இதனை நன்கு உணர்ந்தனர்.

அறைபடும் குறையை நீக்க மேனாட்டார் கண்ட வழி ஆழ்ந்த ‘வி’ வடிவ அடியாகும். அமெரிக்கரான றேமண்ட் ஹன்ட் வரைந்த அத்தகைய படகு 1960 இல் மியாமியிலிருந்து நசோ வரை கொந்தளிக்கும் கடலில் நடந்த போட்டியில் வென்று புகழ்பெற்றது. அணியம் முதற் கடையார் வரை கூர்மை குன்றாத அவ்வடி அலையைக் கத்தி போல் அறுத்துச் செல்லும். ஆனால் அதனை எழுப்ப மிகுந்த வலு வேண்டும். நிறுத்திவைத்து வலையிழுக்கும்போது அது பக்கத்துக்குப் பக்கம் உருளும். செல்வரின் பந்தயப் படகுக்கு அது நன்று. நின்று வேலைசெய்யும் மீனவர்க்கு அரைகுறை நன்மையே. அதே ஹன்டின் பங்களிப்போடு 1958 இல் வெளிவந்த ‘பொஸ்ரன் வேலர்’ என்னும் 13 அடிப் படகு வேறொரு பாடத்தைத் தந்தது. உள்ளோட்டுக்கும் வெளியோட்டுக்கும் நடுவே நுரைப்பொருள் நிரப்பப்பட்டமையால் அது நீர் நிறைந்தாலும் மூழ்கவில்லை. கட்டுமரத்தின் பழைய நற்குணம் புதிய பொருளில் மீண்டும் பிறந்தது எனலாம். நம் கண்ணாடியிழைப் படகுகளிலும் இந்நுரைப்பகுதி செம்மையாக அமைதல் உயிர்க்காவலாகும்.

அலைக்கரைக்கென்றே புதிய உடலை வரையும் முயற்சி தமிழகத்தில் நிகழ்ந்தது. குமரி மாவட்டத்து முட்டத்திற் பெல்ஜியப் பாதிரியாரான பியர் ஜிலே, ஒட்டுப்பலகையாற் சிறு படகுகளைக் கட்டும் பயிற்சிக்கூடத்தை நடத்தினார். தம் பட்டறிவை 1985 இல் அவர் நூலாகவும் வெளியிட்டார். சிறிய படகே கடினமானது என்பது அந்நூலின் பெயர் உணர்த்தும் கருத்து. 1979 இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தினர், டீசல் இயந்திரத்தையும் அதன் தண்டையும் ஒருங்கே மேலே சாய்த்துயர்த்தக்கூடிய அமைப்போடு கரையேறு படகுகளை உருவாக்கினர். டீசலின் சிக்கனத்தையும் மணற்கரையின் வசதியையும் இணைப்பதே அவர் நோக்கம். ஆயினும் வெளியிணைப்பு இயந்திரத்தின் எளிமைக்கு முன் அவ்வமைப்பு எங்கும் பரவியதெனச் சொல்வதற்கில்லை.

இவ்வறிவெல்லாம் இருந்தும், அதனைப் பொருட்படுத்தாத காலமொன்று வந்தது. 2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை நாட்டின் மீன்பிடிக் கலங்களுட் பெரும்பகுதியை அழித்தோ சிதைத்தோ விட்டது. உலகெங்குமிருந்து உதவி பெருகிற்று. அவசரத்தில் வார்க்கப்பட்ட கண்ணாடியிழைப் படகுகள் பல கரைகளில் இறக்கப்பட்டன. தடிப்புக் குறைந்த ஓடும், குறைபாடான மிதவைப் பகுதியும் கொண்டவை அவற்றிடையே இருந்தன. வழங்கியவரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் அச்சிற் பிறக்கும் படகின் தன்மையை இங்குக் கருதல் வேண்டும். ஓடாவி கட்டும் படகு ஒவ்வொன்றும் தன் கரையைக் கேட்டுப் பிறக்கும். அச்சோ ஒரே வடிவத்தை ஆயிரம் முறை தரும். முல்லைத்தீவின் திறந்த கரைக்கும் யாழ்ப்பாணக் களப்புக்கும் அதனிடம் வேற்றுமையில்லை. அச்சிலுள்ள நன்மை பெருகுவது போலவே அதிலுள்ள பிழையும் பெருகும்.

எரிபொருளின் பாடம் 2022 இல் வந்தது. நம் வெளியிணைப்பு இயந்திரங்களுட் பெரும்பாலன மண்ணெண்ணெயில் இயங்குவன. அவ்வாண்டு முதலில் மண்ணெண்ணெய் கிடைக்காது கொள்கலங்களோடு வரிசையில் நின்ற மீனவர், ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக அதன் விலை உயர்ந்ததைக் கண்டனர். தட்டையடியின் வேகம் மலிந்த எரிபொருளை நம்பிப் பிறந்தது. எரிபொருள் அரிதானதும் படகுகள் மணலிற் கிடந்தன. பாயைச் சுருட்டி வைத்த தலைமுறைக்கு அதனை மீண்டும் விரிக்கவும் வழியில்லை. ஏனெனில் இவ்வுடல் பாய்க்கு ஏற்றதன்று.

இவற்றைத் தொகுத்து நோக்கின் ஒரு முடிவு பெறப்படும். கட்டுமரம் பாதுகாப்பை அளித்துச் சுமையை மறுத்தது. ஓரு வேகத்தை அளித்து இடத்தை மறுத்தது. மூன்றரைத் தொன் படகு சுமையையும் சிக்கனத்தையும் அளித்துக் கரையை மறுத்தது. கண்ணாடியிழைப் படகு கரையையும் வேகத்தையும் அளித்து எரிபொருளுக்கு அடிமையாக்கிற்று. எல்லாவற்றையும் ஒருங்கே அளிக்கும் உடல் இன்னும் வரையப்படவில்லை. புரூட்டின் ‘அன்னமும்’ ‘காக்கையும்’ உணர்த்திய உண்மை இன்றும் மாறவில்லை. ஆகவே புதிய படகைத் தெரிவுசெய்யும் அரசாயினும் நிறுவனமாயினும் முதலிற் கேட்கவேண்டியது படகு எவ்வளவு வேகமாகச் செல்லும் என்பதன்று. மாலையில் அது எங்கே நிற்கும், எதனை எரிக்கும், நிறைந்த சுமையோடு எவ்வாறு திரும்பும் என்பவையே. அவற்றுக்கு விடை கூறவல்லவர் அக்கரையில் வாழ்வோர்.

விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் நிற்கும் நம் மாணவர் அந்நீரிலும் ஒரு படகை எண்ணிப்பார்க்கலாம். அங்கே பேரலை இல்லை. ஆழ்ந்த ஏராவும் கூரிய ‘வி’ அடியும் வேண்டியதில்லை. ஆனால் பள்ளத்தாக்கினூடே திடீரென வீசும் காற்றும், பருவத்துக்குப் பருவம் விலகி விலகிச் செல்லும் கரையும் உண்டு. அந்நீருக்கு ஏற்ற உடல் எதுவென்று வரைந்து பார்ப்பாராயின், கணிதத்தையும் பௌதிகத்தையும் மட்டுமன்றி, ஒரு கலம் தன்னை நம்பி ஏறுவோர்க்கு என்ன கடமைப்பட்டுள்ளது என்பதையும் அவர் கற்பர்.